முதல் வாரத்துக்கு அப்புறம் சாகுறவங்க

நிலநடுக்கம், யுத்தம், புயல்னு எது நடந்தாலும் முதல் நாலு நாள் எல்லார் போன்லயும் அதுதான் ஓடும். இடிபாட்டுக்குள்ள இருந்து ஒரு குழந்தைய உயிரோட தூக்குற வீடியோவ பாத்து அழுவோம், அக்கவுண்ட் நம்பர் ஷேர் பண்ணுவோம், வீட்டுல இருக்கிற பழைய துணிய மூட்டை கட்டுவோம். அஞ்சாவது நாள் வேற நியூஸ் வந்துரும். இத குறையா சொல்ல வரல, மனுஷ மனசு அவ்ளோதான் தாங்கும். ஆனா இந்த நிவாரண விஷயத்த ரொம்ப வருஷமா தேடித் தேடிப் படிச்சிட்டு, முடிஞ்சப்ப எல்லாம் ஆளோட ஆளா போய் நின்னு வேலையும் பாத்துட்டு, ஒரு விஷயத்துல நான் உறுதியா இருக்கேன். குண்டும் அலையும் கொன்னவங்கள நம்மால ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா அதுக்கப்புறம் மூணாவது வாரத்துலயும் நாலாவது மாசத்துலயும் முகாம்ல கெடந்து சாகுறாங்க பாருங்க, அவங்க சாக வேண்டியவங்களே இல்ல. அவங்கள காப்பாத்துற வேலை எந்த வீடியோவுலயும் வராது. கக்கூஸுக்குக் குழி வெட்டுறது, தண்ணில குளோரின் கலக்குறது, பேர் விட்டுப் போகாம லிஸ்ட் எழுதுறது, இந்த மாதிரி.

1994 ஜூலைல ருவாண்டாவுல இனப்படுகொலை முடியுற நேரத்துல, சில நாளைக்குள்ள லட்சக்கணக்கான ஜனம் எல்லைய தாண்டி கோமாங்கற ஊருக்கு வந்து குவிஞ்சாங்க (அப்போ அந்த நாட்டுக்குப் பேரு ஜைரே, இப்போ காங்கோ). கோமா எரிமலைப் பாறை பூமி. மண்வெட்டி இறங்காது. கக்கூஸுக்கும் குழி வெட்ட முடியாது, பொணத்த பொதைக்கவும் குழி வெட்ட முடியாது, குடிக்கிறதுக்கு பக்கத்துல இருக்கிற கிவு ஏரித் தண்ணிதான், அதே கரையிலதான் ஜனம் வெளிக்குப் போறதும். காலரா வந்துச்சு, பின்னாடியே ரத்தபேதியும் வந்துச்சு. முதல் ஒரு மாசத்துல மட்டும் கிட்டத்தட்ட 50,000 பேர் செத்துப் போனாங்க. உலகத்துல இருக்கிற அத்தன டிவி கேமராவும் அங்க இருந்துச்சு, உதவி அமைப்புகளும் கூட்டம் கூட்டமா வந்து இறங்குனாங்க, ஆனா அந்த முதல் சில நாள்ல தேவைப்பட்டது சுத்தமான தண்ணியும் கழிவுக்கு ஒரு வழியும்தான், அது வந்து சேர்றதுக்குள்ள காலரா முந்திக்கிச்சு.

மனசு ஆறாத விஷயம் என்னன்னா, காலராவுல சாகாம காப்பாத்துற வழி அதுக்கு 23 வருஷம் முன்னாடியே, அதுவும் ஒரு அகதி முகாம்லயே, நிரூபிச்சாச்சு. 1971 வங்கதேசப் போர். கிட்டத்தட்ட ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள்ள வந்துட்டாங்க. எல்லையோரமா இருக்கிற பன்காவ் ஊர் ஆஸ்பத்திரில காலரா வந்தவங்க தரையெல்லாம் கெடக்குறாங்க. அன்னைக்கு காலராவுக்கு வைத்தியம்னா நரம்புல ஏத்துற சலைன் பாட்டில்தான், அது தீந்துக்கிட்டே போகுது, ஏத்தத் தெரிஞ்ச ஆளும் இல்ல. அங்க இருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவு எடுத்தாரு. குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூணையும் கல்கத்தாவுல அளந்து பாக்கெட் போட்டு, முகாமுக்குக் கொண்டு வந்து டிரம்ல கரைச்சு வச்சுட்டு, நோயாளியோட அம்மாவையும் அண்ணனையும் கூப்பிட்டு நீங்களே மொண்டு மொண்டு குடுங்க, வாந்தி எடுத்தாலும் விடாம குடுங்கன்னு சொல்லிட்டாரு. குடல் அவ்ளோ பாழாப் போயிருக்கிற நிலைமையிலயும் குளுக்கோஸ் உள்ள போறப்போ உப்பையும் கூடவே இழுத்துட்டுப் போகும், உப்பு பின்னாடி தண்ணியும் போகும், அவ்ளோதான் அதோட சூட்சுமம். முப்பது சதவீதம் வரைக்கும் இருந்த சாவு, இந்த முறையில வைத்தியம் பண்ணவங்க கிட்ட 3.6 சதவீதமா குறைஞ்சுச்சு. படிச்ச டாக்டர்கள் நிறைய பேர் முதல்ல நம்பல, படிக்காத சொந்தக்காரங்க கையில வைத்தியத்த குடுக்கிறதாங்கற சந்தேகம். இன்னைக்கு மெடிக்கல் ஷாப்ல ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டா நம்ம வாங்குறது அதுதான். மஹலனாபிஸ் 2022-ல காலமானாரு, அடுத்த வருஷம் பத்ம விபூஷண் குடுத்தாங்க. உயிரோட இருக்கிறப்ப அவர் பேரு நம்மள்ல எத்தன பேருக்குத் தெரியும்னு நினைச்சா எனக்கு வருத்தமா இருக்கு, கோடிக்கணக்கான குழந்தைங்க உயிரோட இருக்கிறதுக்கு அந்த மருந்து காரணம்.

கோமா நடந்ததுக்கு அப்புறம் உதவி அமைப்புகளுக்கே ஒரு குற்ற உணர்ச்சி வந்துச்சு. ஆளாளுக்கு ஒரு மாதிரி வேலை பாக்குறாங்க, எது குறைஞ்சபட்சம்னு யாருக்கும் ஒரு அளவுகோல் இல்ல. அதுலருந்து பொறந்ததுதான் ஸ்ஃபியர்னு சொல்ற தர அளவுகள், 1997-ல ஆரம்பிச்சாங்க, கடைசியா 2018-ல திருத்துனாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டர் தண்ணி. தண்ணிக் குழாய் 500 மீட்டருக்குள்ள இருக்கணும், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல வரக்கூடாது. 20 பேருக்கு ஒரு கக்கூஸ், ஆரம்பத்துல அவசரத்துக்கு 50 பேருக்கு ஒண்ணு. தங்குறதுக்கு கூரைக்குக் கீழ ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர். சாப்பாடு 2,100 கலோரி. படிக்கிறப்போ ஈஸியா தெரியுது இல்ல? 50,000 பேர் இருக்கிற முகாம் ஒண்ண எடுத்துக்கங்க. தண்ணி மட்டும் ஒரு நாளைக்கு ஏழரை லட்சம் லிட்டர், பத்தாயிரம் லிட்டர் லாரின்னா 75 நடை, தினமும், லீவு நாள் கிடையாது, ரோடு உடைஞ்சிருந்தாலும் டீசல் இல்லாட்டியும். கக்கூஸ் 2,500. அதை கட்டுனா மட்டும் போதாது, ரொம்புனா அள்ளணும், அள்ளுறதுக்கு ஆள் வேணும், அள்ளுனத கொண்டு போய் கொட்ட ஒரு இடம் வேணும், மழைக்காலத்துல அது குடிதண்ணில கலக்காம இருக்கணும். இதுக்கு ஃபண்ட் கேட்டு ஒரு போஸ்டர் அடிச்சா யாரு குடுப்பா சொல்லுங்க.

கக்கூஸ்னு எழுதும்போது இன்னொண்ணையும் எழுதியே ஆகணும். கணக்குக்கு 20 பேருக்கு ஒண்ணுன்னு கட்டி முடிச்சிருப்பாங்க, ஆனா உள்பக்கம் தாப்பா இருக்காது, ராத்திரில லைட் இருக்காது, ஆம்பளைங்க லைன்க்கு நடுவுல நடந்துதான் போகணும். அந்த மாதிரி முகாம்ல பொம்பளைங்க என்ன பண்ணுவாங்கன்னா சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதையே நிறுத்திருவாங்க, சாப்பாட்ட குறைச்சுக்குவாங்க, அடக்கி வச்சு அடக்கி வச்சு நோவு வாங்கிக்குவாங்க, இல்லன்னா இருட்டுல முகாமுக்கு வெளிய போவாங்க, அங்க அவங்களுக்கு என்ன நடக்குதுங்கறது எல்லா நாட்டு முகாம் அறிக்கையிலயும் திரும்பத் திரும்ப வருது. ஒரு தாப்பா, ஒரு சோலார் லைட், மாதவிடாய் துணிய அலசிக் காயப்போட மறைவா ஒரு இடம். பெரிய செலவெல்லாம் கிடையாது. பிளான் போடுற டேபிள்ல அந்த முகாம் பொம்பளைங்க ரெண்டு பேரு உக்காந்திருந்தா முதல் நாளே சொல்லியிருப்பாங்க.

குளோரின் வேலை எப்படி நடக்குதுன்னும் சொல்றேன். லாரியோ பைப்போ வராத இடத்துல, ஜனம் ஆத்துலயோ கிணத்துலயோதான் மொண்டுக்குறாங்கன்னா, அந்தக் கரையில ஒரு ஆள உக்கார வச்சிருவாங்க. அவர் கையில ஒரு சிரிஞ்ச், பக்கத்துல ஒரு கேன்ல குளோரின் கரைசல். யாரு தண்ணி மொண்டு வந்தாலும் அவங்க குடத்தோட அளவ பாத்து அதுக்கேத்த மாதிரி குளோரின உள்ள விடுவாரு, அரை மணி நேரம் கழிச்சு குடிங்கம்மான்னு சொல்லி அனுப்புவாரு. காலையில இருந்து இருட்டுற வரைக்கும் அதே சிரிஞ்ச், அதே வார்த்தை. வாய் குறுகலான கேன் குடுக்கிறதும் ஒரு காரணத்தோடதான், அகல வாய் பாத்திரம்னா வீட்டுல யாராச்சும் கைய விட்டு மொள்ளுவாங்க, அப்போ சுத்தம் பண்ண தண்ணி மறுபடியும் கெட்டுப் போயிரும். நான் இதுல எல்லாம் அசந்து போற ஆளு. ஒரு கேனோட வாய் அளவுக்குள்ள ஒரு குழந்தையோட உயிர் இருக்கு.

இப்போ பொருள் குடுக்கிறத பத்தி. ஒரு நிவாரணக் கிடங்குல மூட்டை பிரிக்கிற வேலைக்குப் போயிருந்தேன். ஒத்தைச் செருப்பு வந்துச்சு, ஹீல்ஸ் வந்துச்சு, ஜரிகை வச்ச குழந்தைப் பாவாடை, துவைக்காத துணி, தேதி முடிஞ்ச இருமல் மருந்து, யாரோ பாதி சாப்பிட்ட மாத்திரை அட்டை, எல்லாம் வந்துச்சு. குடுத்தவங்க யாரும் கெட்டவங்க இல்ல, அவசரத்துல கையில கிடைச்சத போட்டு அனுப்பிட்டாங்க. ஆனா அத பிரிக்க முப்பது பேர் ஒரு நாள் முழுக்க நின்னோம், கிடங்குல பாதி இடம் அதுக்கே போச்சு, வெளிய தார்ப்பாய் ஏத்திட்டு வந்த லாரி இறக்க இடமில்லாம நின்னுட்டு இருந்துச்சு. அந்த லாரிய பாத்துட்டு நின்னப்போ வந்த கோவம் எனக்கு இன்னும் போகல. 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தோனேஷியாவோட ஆச்சே மாகாணத்துக்கு சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிஞ்சுச்சு, அங்க இருந்த ஜனம் இருபது லட்சத்துக்கும் குறைவு. பெரும்பாலானதுல லேபிள் அந்த ஊர் ஜனத்துக்குப் புரியாத பாஷையில. தேவைப்படாத மருந்த சும்மா தூக்கியும் போட முடியாது, முறையா எரிச்சு அழிக்கணும், அதுக்குத் தனி செலவு. 2010 ஹைட்டி நிலநடுக்கத்துல தலைநகர் ஏர்போர்ட்ல இருந்தது ஒரே ஒரு ரன்வே, அதுல எந்த ஃபிளைட் முதல்ல இறங்கணும்ங்கறதே ஒரு போராட்டமா இருந்துச்சு, அறுவை சிகிச்சை சாமான் ஏத்திட்டு வந்த ஃபிளைட்டே வேற நாட்டுக்குத் திருப்பி விடப்பட்டுச்சு.

சில பொருள் இடத்த மட்டும் அடைக்கல, உயிரையே எடுத்துரும். பால் பவுடர் டப்பா அந்த ரகம். குழந்தைக்குப் பால் பவுடர் குடுக்கிறத விட நல்ல காரியம் உண்டான்னுதான் தோணும். ஆனா சுத்தமான தண்ணி இல்லாத, பால் பாட்டில் கொதிக்க வைக்க அடுப்பு இல்லாத இடத்துல தாய்ப்பால் குடிச்சிட்டு இருந்த பிள்ளைக்கு அந்த டப்பாவ குடுத்தா என்ன ஆகும்? 2006-ல இந்தோனேஷியாவுல யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கு அப்புறம் கணக்கெடுத்துப் பாத்தாங்க, இலவசமா பால் பவுடர் கிடைச்ச குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு மத்த குழந்தைங்கள விட ரெண்டு மடங்குக்கும் மேல இருந்துச்சு. அந்த அம்மாவுக்கு நல்ல சாப்பாடு, குடிக்கத் தண்ணி, உக்காந்து பால் குடுக்க ஒரு மறைவு, இது மூணும் கிடைச்சிருந்தா போதும்.

அதனாலதான் பணமா குடுங்கன்னு அடிச்சுச் சொல்றேன். பேரழிவு நடந்த ஊர்லயும் சில வாரத்துக்குள்ள கடை திறந்துருவாங்க, யாவாரம் நடக்கும், ஆனா வாங்க வர்றவன் கையிலதான் காசு இருக்காது. கையில காசு குடுத்தா ஒருத்தர் கூரைத் தகடு வாங்குவாரு, ஒருத்தர் பிரசவச் செலவுக்கு வச்சுக்குவாங்க, ஒருத்தர் உழவுக்கு விதை வாங்குவாரு, அந்தக் கடைக்காரரும் பொழைப்பாரு. காசு குடுத்தா குடிச்சு அழிச்சிருவாங்கன்னு சொல்றவங்களுக்கு, பல நாட்டுல பண்ண ஆய்வுகள் எல்லாம் அப்படி நடக்கலன்னுதான் திரும்பத் திரும்ப சொல்லுது. வீடு இழந்தவருக்கு புத்தி போயிருச்சுன்னு நாம நினைக்கிறது எவ்ளோ பெரிய அவமரியாதை. ஆனா முற்றுகை போட்ட ஊருல மூட்டை மாவே உள்ள போகலன்னா காசு வெறும் காகிதம்தான், அங்க லாரிதான் போகணும், அந்த லாரிய விடுங்கன்னுதான் கேக்கணும்.

பஞ்சம்ங்கறது பெரும்பாலும் இப்படித்தான் வருது, வானம் பொய்ச்சு மட்டும் வர்றதில்ல. ஊருல அரிசி இருக்கும், வாங்க இவங்களுக்கு வழி இருக்காதுன்னு 1943 வங்காளப் பஞ்சத்த வச்சு அமர்த்தியா சென் எப்பவோ நிறுவிட்டாரு. பஞ்சம்னு அதிகாரப்பூர்வமா அறிவிக்க ஐ.நா. அமைப்புகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்துற ஒரு அளவு இருக்கு: அஞ்சுல ஒரு குடும்பத்துக்கு சாப்பாடே இல்லைங்கற நிலைமை, பத்துல மூணு குழந்தைங்க கடுமையா மெலிஞ்சு போயிருக்கணும், பத்தாயிரம் பேருக்கு தினம் ரெண்டு பேராவது பசியிலயோ அதோட சேர்ந்த நோய்லயோ சாகணும். கவனிங்க, செத்தாத்தான் கணக்கு. சோமாலியாவுல 2011 ஜூலைல பஞ்சம்னு அறிவிச்சாங்க. அந்தப் பஞ்சத்துல செத்தவங்க சுமார் 2,60,000 பேர், அதுல பாதி அஞ்சு வயசுக்குட்பட்ட பிள்ளைங்க, மொத்த சாவுல ஏறக்குறைய பாதி அந்த அறிவிப்புக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருச்சு. மழை பொய்க்கப் போகுதுன்னு மாசக்கணக்கா எச்சரிக்கை வந்துட்டுதான் இருந்துச்சு. எலும்பும் தோலுமா குழந்தை போட்டோ வந்தாத்தான் உலகம் பணம் குடுக்கும்ங்கறது என்ன நியாயம்?

அந்த நிலைக்குப் போன குழந்தையையும் மீட்க முடியும்ங்கறதையும் சொல்லிரணும். மேல் கைய சுத்தி ஒரு நாடா வச்சு அளப்பாங்க, பச்சை மஞ்சள் சிவப்புன்னு கலர் போட்ட நாடா. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ வந்தா சிவப்பு. ஒரு குழந்தையோட மேல் கையோட சுற்றளவு அது, உங்க கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்க, புரியும். சிவப்பு வந்த குழந்தைக்கு கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின் எல்லாம் சேர்த்து அரைச்ச பசை பாக்கெட் குடுப்பாங்க, 92 கிராம், 500 கலோரி. தண்ணி கலக்க வேணாம், அடுப்பு வேணாம், கெட்டுப் போகாது. தொண்ணூறுகள்ல பிரான்ஸ்ல கண்டுபிடிச்சது. அதுக்கு முன்னாடி இந்த மாதிரி குழந்தைங்கள வாரக்கணக்கா ஆஸ்பத்திரில படுக்க வைக்கணும், இப்போ வேற நோய் இல்லாத பிள்ளைக்கு அம்மா வீட்டுலயே, கூடாரத்துலயே ஊட்டி விட்டு தேத்திரலாம்.

இது எல்லாம் நடக்கணும்னா உள்ள போக விடணும். சாப்பாட்டை நிறுத்தி ஜனத்த பட்டினி போடுறத போர் முறையா பயன்படுத்தக் கூடாதுன்னு ஜெனீவா உடன்படிக்கைகளோட 1977 கூடுதல் நெறிமுறை சொல்லுது, 2018-ல ஐ.நா. பாதுகாப்பு சபையும் 2417-ஆம் தீர்மானத்துல கண்டிச்சிருக்கு. காகிதத்துல எல்லாம் இருக்கு. 2008 செப்டம்பர்ல வன்னியில பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாதுன்னு இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. ஆட்கள் கிளிநொச்சிய விட்டுக் கிளம்புனாங்க. போகாதீங்க, நீங்க போனா சாட்சிக்குக் கூட ஆள் இல்லன்னு ஜனம் ஆபீஸ் வாசல்ல நின்னு கெஞ்சுனாங்க. 2009-ல புதுமாத்தளன் கரையில இருந்து காயம் பட்டவங்கள கப்பல்ல ஏத்திட்டுப் போனது செஞ்சிலுவைக் குழு, ஆயிரக்கணக்கான பேர், அதுவும் மே மாசம் 9-ந்தேதியோட நின்னு போச்சு. மூணு வருஷம் கழிச்சு ஐ.நா.வே உள்ளுக்குள்ள விசாரிச்சு, நாங்க எங்க கடமையில தவறிட்டோம்ங்கற பொருள்ல அறிக்கை குடுத்துச்சு. அந்த அறிக்கைய படிக்கிற ஒவ்வொரு தமிழனுக்கும் நெஞ்சு அடைக்கும், எனக்கும் அப்படித்தான். அப்போ கத்துக்கிட்டோம்னு சொன்ன பாடம் காஸாவுலயும் சூடான்லயும் எங்க போச்சுன்னு கேக்காம இருக்க முடியல. 2024-ல மட்டும் உலகம் பூரா 380-க்கும் மேல நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டாங்க, அதுல ரொம்பப் பெரும்பாலானவங்க அந்தந்த நாட்டு ஆட்கள், தன் ஜனத்துக்கே சோறும் மருந்தும் கொண்டு போனவங்க.

அந்த நாட்டு ஆட்கள்னு சொல்றேன் இல்ல, உண்மையில முதல் நிவாரணம் எப்பவுமே அவங்கதான். வெளிநாட்டு மீட்புப் படை ஃபிளைட் ஏறுறதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரன் வெறுங்கையால கல்ல புரட்டி பாதி பேர வெளிய எடுத்திருப்பான். சூடான்ல 2023 ஏப்ரல்ல போர் வெடிச்சதும் தெருத் தெருவா இளைஞர்கள் சேர்ந்து அவசர உதவி அறைகள்னு ஆரம்பிச்சாங்க, பெரிய அமைப்புகள் எல்லாம் வெளியேறிட்ட ஊர்ல அவங்க பொதுச் சமையல்கூடம் நடத்துனாங்க, மொபைல் பேங்கிங் ஆப்ல பணம் வரும், அன்னைக்கு சந்தையில என்ன கிடைக்குதோ அத வாங்கி வடிச்சுப் போடுவாங்க. ரெண்டு பக்கத்து ராணுவமும் அவங்கள புடிச்சு உள்ள வச்சிருக்கு, சுட்டிருக்கு. 2016-ல இஸ்தான்புல் மாநாட்டுல நிவாரணப் பணத்துல 25 சதவீதத்த உள்ளூர் அமைப்புகளுக்கு நேரா குடுக்கிறோம்னு பெரிய நாடுகளும் அமைப்புகளும் வாக்கு குடுத்தாங்க, இன்னைக்கும் அது பக்கத்துல கூட வரல. 2025 ஆரம்பத்துல அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிறுத்துனதும் சூடான்ல நூத்துக்கணக்கான சமையல்கூடம் அடுப்ப அணைச்சிருச்சு, மிச்சம் இருக்கிறதுல நிறைய, வெளிநாட்டுல வேலை பாக்குற சூடான்காரங்க அனுப்புற பணத்துலதான் ஓடுது.

நான் என்ன பண்றேன்னு கேட்டா, நியூஸ் வர்றப்ப மொத்தமா ஒரு தொகை குடுக்கிறத விட்டுட்டு மாசா மாசம் ஒரு சின்ன தொகை அனுப்புறேன், இந்த ஊருக்கு இந்தப் பொருளுக்குன்னு எதுவும் எழுதுறதில்ல. தேவைக்கு ஏத்த மாதிரி நீங்களே செலவு பண்ணிக்குங்கன்னு குடுக்கிற காசு கம்மி, ஆனா அந்தக் காசுதான் கேமரா போன பிறகும் கையில இருக்கும், அடுத்த இடத்துல அடுத்தது நடக்கிறப்ப முதல் நாளே லாரிய கிளப்ப முடியும். நான் அனுப்புற அமைப்போட போன வருஷ வரவு செலவு அறிக்கைய வரி வரியா படிச்சேன். தண்ணி லாரி வாடகை, டீசல், குளோரின், கக்கூஸ் அள்ளுறவங்க சம்பளம், கிடங்கு வாடகை. இந்த வருஷம் தொகைய கொஞ்சம் கூட்டியிருக்கேன்.